யான் பயின்ற சில நூல்கள்

பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு வாய்க்கும் பேறுகளுள் ஒன்று, பாடத்திட்டம் விதியாத நூல்களைத் தன் மனம்போற் பயிலுதலாகும். எனது ஊர் மங்களூர். கருநாடகத்துத் துறைமுக நகரமன்று. கடலூர் மாவட்டத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வானம்பார்த்த பூமியிலுள்ள மங்களூர். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றிரண்டு நூல்களைக் கொணர்வேன். கடந்த சில திங்களில் அவ்வாறு வந்தவை ஒன்றோடொன்று உறவில்லாதவை. எனினும், அவற்றைப் பயின்றபோது என் உள்ளத்தில் எழுந்தவற்றை மாணவர்க்குக் கூற விழைகின்றேன்.

முதலாவது, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த இவ்வரலாறு, 1942இல் ஐயர் மறைந்தமையால் நிறைவுறாமலே நின்றது, 1950இல் நூலாயிற்று. ஏடு தேடிய பகுதிகளையே பலரும் போற்றுவர். எனக்கோ, அதற்கு முற்பட்ட இளமைப் பகுதிகளே பெரிதும் உவப்பளித்தன. வெள்ளாற்றின் தென்பால் உள்ள குன்னம், கார்குடி, செங்கணம் முதலிய சிற்றூர்களில், தமிழ் கற்பிப்பார் எவரேனும் உளரோ என்று அச்சிறுவனும் அவன் தந்தையும் அலைந்த செய்தியை அங்கே காணலாம். ஓர் ஆசிரியர்க்கு இரண்டு நூல் தெரியும். அவை முடிந்ததும் குடும்பமே அடுத்த ஊருக்குப் பெயரும். தந்தையார் இராமாயணப் பிரசங்கம் செய்து பெற்றதும் ஊரார் அன்பும் அவர்களைப் புரந்தன. செங்கணத்தில் அவருக்குக் காரிகை கற்பித்தவர் பெயர் விருத்தாசல ரெட்டியார். எம் பக்கத்துத் தலத்தின் பெயர் தாங்கிய ஒருவரிடம் அவர் யாப்புப் பயின்றார் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு.

அடுத்து, ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’. காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்து 1940இல் வெளியிட்டவர் இவர். நடை எளிது, தற்புகழ்ச்சி இல்லை. ஒரே மாலையில் முடித்தேன்.

பி. எல். சாமி அவர்களின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ அத்துணை விரைவில் முடியவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைத் தொகுத்துரைக்கின்றார் என்பதை மாணவர் அறிவர். பழைய உரைகளில் ‘ஒருவகைப் பூ’, ‘ஒரு கொடி’ என்ற அளவில் அமையும் இடங்கள் பல. இவ்வாசிரியரோ நிலைத்திணை நூலறிவு கொண்டு, இன்ன செடி இன்னதாம் என்று காரணங்காட்டி நிறுவுகின்றார். இந்நூலைக் கையிற்கொண்டே எங்கள் ஏரிக்கரைப் பக்கம் சென்றேன். மடலேறுவோன் சூடிய ஆவிரை அங்கே வேலியோரத்தில் மஞ்சளாய்ப் பூத்திருக்கின்றது. ஆடுமேய்க்கும் சிறுவர் அதன் இலையைத் தலையிற் செருகிக்கொண்டு வெயிலுக்குத் தப்புகின்றனர். இலக்கிய மாணவர் ஒருமுறையேனும் இந்நூலோடு வெளியே செல்லல் வேண்டும். அறையிலிருந்து பயின்றால் இதில் பாதி பயனே கிட்டும்.

இனி, என்னையும் என் நண்பர் ஒருவரையும் வழக்கிடச் செய்த நூல் ஒன்றுண்டு. அது கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையிற் பிறந்து, போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளராய் இருந்தவர் தொகுத்தது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் நாட்டிற்குச் செய்ததை இவர் நடுநாட்டிற்குச் செய்துள்ளார். “கொச்சைக்கு அகராதியா?” என்று வினவினார் புலவராகிய என் நண்பர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட சொற்கள் உள்ளனவே. அவை போதாவோ என்பது அவர் கருத்து.

நான் அவருக்குக் ‘கொல்லை’ என்னும் சொல்லையே விடையாகக் கூறினேன். தஞ்சைப் பக்கத்தார்க்குக் கொல்லையாவது வீட்டின் பின்புறம். எம் பக்கத்து உழவர்க்கோ அது வரகும் சோளமும் விதைக்கும் புன்செய். சங்கப் பாடல்களில் முல்லைநிலத்து வரகு விளையும் கொல்லையும் இதுவே. எழுத்தறியாத உழவர் நாவில் இரண்டாயிரம் ஆண்டுப் பொருள் பிழையாது நிற்க, அதனைக் கொச்சை என்பது தகுமோ? தொல்காப்பியரும் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்துத் திசைச்சொல்லுக்கு இடந்தந்தாரன்றோ? நிலக்கடலையை நாங்கள் ‘மல்லாட்டை’ என்போம்; அது மணிலாக் கொட்டையின் மரூஉ. கடல் கடந்து வந்த பயிரின் வழியை அச்சொல் இன்னும் சுமந்து நிற்கின்றது. தேர்வுக் கட்டுரையில் மாணவர் செந்தமிழே எழுதுக. அதில் எனக்கு மாறில்லை. ஆனால், பாட்டன் சொல்லை எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியர், அச்சொல்லின் வேரை ஒருமுறை தேடிப் பார்த்தல் நன்று.

இறுதியாகப் பயின்றது இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ என்னும் நாவல், 1994இல் வெளிவந்தது. இவரும் எம் பக்கத்தவரே. ‘செல்லாத பணம்’ என்னும் நாவலுக்காக 2020ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். ஒடுக்கப்பட்ட மக்களின் துணியை வெளுத்து, அவர்கள் இடும் சோற்றாலும் களத்தில் அளக்கும் தவசத்தாலும் வாழும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டோர்க்கும் கீழே ஒரு குடி வைக்கப்பட்டிருந்த கொடுமையை இந்நூல் ஒளிக்காமற் காட்டுகின்றது. காலம் மாறுகின்றது, வெளுப்பதற்கு அவளிடம் துணி போடுவோர் குறைகின்றனர், களத்தில் அவளுக்குக் கிடைக்கும் படியும் சுருங்குகின்றது. இழிவு தந்த தொழில் ஒழிவது நன்றே. எனினும், ஒழியுமிடத்து அவள் எதை உண்பாள் என்று எவரும் கேட்டிலர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உரையாடல் முழுவதும் எம் ஊர்ப் பேச்சே. செந்தமிழில் எழுதியிருப்பின் அவள் ஒப்பாரி நம் செவியில் விழுந்திராது.

அகராதியை மறுத்த நண்பருக்கு இந்நாவலை அஞ்சலில் அனுப்பியுள்ளேன். அவரிடமிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை.