இயலாமையா, சோம்பலா? – எதிலும் நாட்டமில்லாத பருவ வயதுப் பிள்ளை

  



நமது திருத்தணி எல்லையில் இருக்கும் ஊர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இங்கே வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, நகரி பக்கம் போனால் இன்னொரு மொழி என்று பேசும் குடும்பங்கள் நிறைய. பாட்டனார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பிழைக்க வந்திருப்பார். மகன் 19, 20 வயதில் ரயிலேறி பம்பாய் போய், அங்கிருந்து சவூதிக்கோ குவைத்துக்கோ விமானம் ஏறியிருப்பார். இப்போது அந்த வீட்டில் 16 வயதில் ஒரு பேரன் இருக்கிறான். பிளஸ் ஒன் படிக்கிறான். காலையில் எழுப்பினால் எழுவதில்லை. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். கையில் போன்.

தந்தை சொல்கிறார்: "உன் வயதில் நான் மூன்று வேளை சாப்பிட்டதில்லை. மொழி தெரியாத ஊரில் போய் இறங்கினேன். உனக்கு என்ன குறை?"

குறை இல்லை என்பதுதான் விஷயம். அந்தத் தந்தையை ஓட வைத்தது பசி. தங்கைகளின் கல்யாணம், அடகில் இருந்த வீடு, இவைதான் அவரை விரட்டின. அவர் பாடுபட்டு அந்தப் பசியை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக! பசியை வெளியேற்றிவிட்டு, பசி தந்த ஓட்டத்தை மட்டும் மகனிடம் எதிர்பார்த்தால் எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. தம்மாமில் பிறந்து எட்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்த பிள்ளையை, தந்தையின் வேலை போனதும் இங்கே கொண்டு வந்து சேர்க்கிறோம். தந்தைக்கு அது சொந்த ஊர் திரும்புவது. பிள்ளைக்கோ சொந்த ஊரை விட்டுப் போவது. தந்தை செய்த பயணங்கள் எல்லாம் அவர் முடிவெடுத்துச் செய்தவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு முறையும் அவனைக் கேட்கவில்லை. பிறகு "உனக்கென்று ஒரு லட்சியம் இல்லையா" என்று கேட்கிறோம்!

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டு வந்த துஆ ஒன்றை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சிறு வயதிலேயே நாயகத்தின் பணிவிடைக்கு வந்த பிள்ளை அவர். அந்த துஆவில் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடும் விஷயங்களின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் 'ஹம்மு', 'ஹஸன்' – கவலையும் துக்கமும். அடுத்து 'அஜ்ஸு', 'கஸல்' – இயலாமையும் சோம்பலும். அதற்குப் பின் கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை.

இயலாமை வேறு, சோம்பல் வேறு. ஆலிம்கள் இப்படி விளக்குவார்கள்: சக்தியே இல்லாமல் ஒன்றைச் செய்யாமல் இருப்பது இயலாமை. சக்தி இருந்தும் மனம் வராமல் விடுவது சோம்பல். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் பிள்ளை படுத்துக் கிடக்கிறான். நாம் எல்லாவற்றுக்கும் சோம்பல் என்று ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். அந்த வரிசையில் கவலையும் துக்கமும் முன்னால் நிற்பதையும் யோசிக்க வேண்டும். மனதில் பாரம் இருப்பவனுக்குக் கை கால் ஓடாது.

ஆகவே முதலில் விசாரியுங்கள். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே இரவில் பின்னால் தள்ளிப் போகிறது என்றும், 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரவு ஒரு மணி வரை போனோடு இருப்பதற்கு இது அனுமதி அல்ல. போனை வீட்டில் எல்லோரும், தந்தையும் சேர்த்து, ஒரே நேரத்தில் வைத்துவிட வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா, கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ஆசையாகச் செய்ததைக்கூட விட்டுவிட்டான், சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது, யாரோடும் பேசுவதில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு ஓதிப் பார்த்துவிட்டு மருந்தும் கொடுக்கிறோம் அல்லவா? அப்படித்தான்.

சரி, உடம்பும் மனமும் நன்றாகத்தான் இருக்கின்றன, சோம்பல்தான் என்று தெரிந்தால்?

உமர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வைப் பாருங்கள். அதுவும் ஹிஜ்ரத் செய்து வந்த குடும்பம். மக்காவை விட்டு மதீனா வரும்போது அவருக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். தந்தை யார்? பெயரைக் கேட்டாலே மக்காவின் தலைவர்கள் அஞ்சிய உமர்! உஹதுப் போருக்கு 14 வயதில் வந்து நின்றார் அப்துல்லாஹ். நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயது, அப்போது அனுமதித்தார்கள். 'உமரின் மகன்' என்பதற்காக வயதை விட்டுக்கொடுக்கவில்லை. தந்தை ஓடிய வயதில் மகனும் ஓட வேண்டும் என்ற சட்டம் நாயகத்திடம் இல்லை.

அந்த அப்துல்லாஹ் திருமணம் ஆகாத வாலிபராக மஸ்ஜிதில் படுத்து உறங்குவார். ஒரு நாள் நரகத்தைக் காட்டும் கனவு கண்டு பயந்தார். நேராக நாயகத்திடம் சொல்லக் கூச்சம் போலும். தன் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சொன்னார். அவர்கள் நாயகத்திடம் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? அப்துல்லாஹ் நல்ல மனிதர் என்றார்கள். இரவில் எழுந்து தொழுபவராகவும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்கள். அவ்வளவுதான். சபையில் கூப்பிட்டு நிறுத்தவில்லை, உன் தகப்பனைப் பார் என்று சொல்லவில்லை. முதலில் நல்லவர் என்ற சான்று, பிறகு ஒரே ஒரு குறை, அதுவும் அக்கா வழியாக. அதற்குப் பின் அப்துல்லாஹ் இரவில் கொஞ்ச நேரமே உறங்கினார் என்று அவருடைய மகன் ஸாலிம் கூறுகிறார்.

நாம் வரிசையை மாற்றிவிடுகிறோம். பத்துக் குறை சொல்லிவிட்டு, நல்ல வார்த்தையை அவன் வெளிநாடு போகும் நாளில் விமான நிலையத்தில் சொல்கிறோம்.

ஹுனைனிலிருந்து திரும்பும் வழியில் சில இளைஞர்கள் பாங்கைக் கேலி செய்து கத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்துவரச் செய்து, யாருடைய குரல் அது என்று விசாரித்தார்கள். எல்லோரும் அபூமஹ்தூராவைக் காட்டினார்கள். தண்டனை வரும் என்று நின்றவருக்கு நாயகமே பாங்கு சொல்லிக் கொடுத்தார்கள், வெள்ளி இருந்த ஒரு பையைக் கொடுத்தார்கள், கையால் தடவி பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். மக்காவின் முஅத்தினாக ஆனார் அவர். கேலியிலும் ஒரு நல்ல குரல் இருப்பது அந்தக் காதுகளுக்குக் கேட்டது. உங்கள் மகன் நாள் முழுக்க போனில் என்ன செய்கிறான் என்று என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வீடியோ வெட்டி ஒட்டுகிறானா, படம் வரைகிறானா, எதைப் பற்றித் தேடுகிறான்?

வழி எங்கிருந்து திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நமது ஊரில் 1888ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்களின் குடும்பமும் நெல்லூர்ப் பக்கத்துச் சர்வபள்ளியைப் பூர்வீகமாகக் கொண்டு வந்ததுதான். வசதி குறைவு. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், அதனால் தத்துவம் எடுத்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர், 16 வயதில் லட்சியத்தை எழுதி வைத்துக்கொண்டு நடந்தவர் இல்லை.

சிலர் நூஹ் (அலை) அவர்களின் மகனைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். அந்த மகன் நிராகரித்தவன். காலையில் எழாத பிள்ளையை அவனோடு சேர்ப்பது அநியாயம். அதில் தந்தைமார் பார்க்க வேண்டியது வேறு: அலைகள் மலைபோல் எழும் நேரத்திலும் அந்த நபி, 'என் அருமை மகனே' என்ற பொருள்படும் செல்லச் சொல்லால்தான் அழைத்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் வீட்டுக்கே திரும்ப வருகிறேன். ஒரு சபையில் நாயகம் (ஸல்) அவர்கள், முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை யோசித்தார்கள். அது பேரீச்ச மரம் என்று இளைஞர் அப்துல்லாஹ்வின் மனதில் பட்டது. ஆனால் அபூபக்ரும் உமரும் பேசாமல் இருக்கும் இடத்தில் எப்படிப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டார். பிறகு தந்தையிடம் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வம் கிடைப்பதைவிட எனக்குப் பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள்.

பதில் தெரியாததால் அல்ல, பெரியவர்கள் நிறைந்த இடம் என்பதால் அந்தப் பிள்ளை பேசவில்லை. நம் வீடுகளிலும் சாதித்த பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்று இரவு சாப்பிடும்போது மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மார்க்கைப் பற்றி வேண்டாம், அவனுக்குப் பிடித்ததைப் பற்றி. பதில் வரத் தாமதமாகும், பொறுத்திருங்கள். அவன் பாதி சொல்லும்போதே சவூதிக் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள்.