வழுக்கையாற்று வழியே

"யாழ்ப்பாணத்தில் ஆறு உண்டா?" என்று புவியியல் ஆசிரியை கேட்டபோது, வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் "இல்லை" என்றோம். ஆசிரியை சிரித்துக்கொண்டு கரும்பலகையில் ஒரு பெயரை எழுதினார்: வழுக்கையாறு.

அந்த ஆண்டு ஆவணியில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் உவர்த்துப்போயிருந்தது. தேநீரிலும் உப்புச் சுவை. அதனால் ஆறு என்ற சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. விடுமுறையில் வாப்பாவுடன் கந்தரோடைக்குப் போனேன்.

அங்கே ஆற்றைக் காணவில்லை. காய்ந்த புல்லும் வெடித்த மண்ணுமாக ஒரு பள்ளம் மட்டுமே கிடந்தது. வயலில் நின்ற ஐயா ஒருவர், "மாரியில் வந்து பாருங்கோ பிள்ளை, ஆறு ஓடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. அந்நாட்களில் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக் கடல்நீரேரி வரை நீர் ஓடுகிறது. கோடையில் வற்றிவிடுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கு மிகப் பழைய மனித வழியும் ஆகும். வயலுக்கு நீரும் கடலுக்குப் பாதையும் கிடைத்த இடத்தில் மக்கள் குடியேறினர். கந்தரோடையில் சுண்ணக்கல்லாலான சிறிய பௌத்த தூபிகள் வரிசையாக நிற்கின்றன. போல் ஈ. பீரிஸ் இவ்விடத்தை ஆராய்ந்து 1917இல் எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. இங்கே உரோம நாணயங்களும் கிடைத்துள்ளன. தெற்கே, கடல்நீரேரியை அண்டிய ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பிராமி எழுத்துள்ள ஒரு முத்திரையைக் கண்டெடுத்தனர்.

மாரியில் மட்டும் ஓடும் ஆற்றுக்கு அரபு மொழியில் 'வாதி' என்று பெயர். மக்கா நகரமே அத்தகைய பள்ளத்தாக்கில்தான் அமைந்திருக்கிறது. றியாத் நகரின் அருகே சுமார் 120 கிலோமீற்றர் நீளமான வாதி ஹனீபா ஒருகாலத்தில் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. அதைத் துப்புரவாக்கி, கழிவுநீரைச் சுத்திகரித்து, மரங்கள் நட்டு மீட்டார்கள். அம்முயற்சிக்கு 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பாலைவனத்தில் முடிந்தது எங்களால் முடியாதா?

வற்றிய ஆறு வீணான நிலம் என்று எண்ணுவதே எங்கள் தவறு. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். பள்ளத்தில் தேங்கும் மழைநீர் மெல்ல மெல்ல அதற்குள் இறங்குகிறது. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் கடலுக்கு ஓடினாலோ, இறங்குவதைவிட நாங்கள் அதிகமாக இறைத்தாலோ, உவர் மேலே வருகிறது. வழுக்கையாறு எங்கள் வீட்டுக் கிணற்றை நிரப்புவதில்லை. ஆனாலும் அந்தக் கிணற்றுக்கும் இதே விதிதான்.

நான் பார்த்த மதகொன்றின் கீழே பொலித்தீன் பைகள் அடைத்துக் கிடந்தன. நீர் போகும் வழியை அடைத்துவிட்டுக் கிணறு உவர்க்கிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை.

கார்த்திகையில் மீண்டும் போனோம். நாங்கள் நின்ற பள்ளத்தில் மண்நிறமான நீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆறு இருக்குத்தானே, மகள்" என்றார் வாப்பா. வீட்டுக்கு வந்ததும் கூரைத் தண்ணீர் இறங்குவதற்காக முற்றத்தில் இருவரும் ஒரு குழி வெட்டினோம். தோழியரே, உங்கள் வீட்டிலும் அதற்கு இடமிருக்கும்.