இரண்டு கிலோ லென்ஸும் ஒரு தோளும்

ஜொகூரின் பாலோவில் இருப்பவருக்குப் பறவைப் படம் எடுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிச் செம்பனை. அதன் மேலே கருந்தோள் பருந்து வட்டமிடும். எலியைக் கட்டுப்படுத்தப் பெட்டி வைத்துக் குடியேற்றும் கூகையும் இத்தகைய தோட்டங்களின் பறவைதான். காடு வேண்டுமென்றால், ரயில் பாதையில் வடக்கே இருக்கும் பெக்கோக் வழியாக எண்டாவ் ரொம்பின் பூங்காவின் செலாய் வாசலுக்குப் போகலாம். ஆனால் அரை நாள் நடந்தால் கழுத்து இறுகிப்போகும். பலரும் லென்ஸின் எடையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு, அதைத் தொங்கவிட்ட இடத்தில் இருக்கிறது.

முதலில் எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். லென்ஸ் மூடி, பேட்டரி எல்லாவற்றோடும் வையுங்கள். சோனி 200-600 லென்ஸ் மட்டும் 2,115 கிராம். ஏ7 IV கேமரா 658 கிராம். சேர்ந்தால் 2.8 கிலோவை நெருங்கிவிடும். நிக்கான் 200-500 லென்ஸை டி850-இல் மாட்டினால் 3.3 கிலோ. கேமராவோடு பெட்டியில் வரும் ஸ்ட்ராப், சின்ன லென்ஸை மனதில் வைத்துத் தைத்தது. பெயரைப் பெரிதாக அச்சடித்திருப்பதைத் தவிர இந்த எடைக்கு அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்து, எதில் மாட்டுவது என்று முடிவெடுங்கள். ஸ்ட்ராப்பின் நிறத்தையும் விலையையும் அப்புறம் பார்க்கலாம். பெரிய லென்ஸின் அடியில் முக்காலியில் பொருத்த ஒரு கால் இருக்கும். ஸ்ட்ராப்பை அங்கேதான் மாட்ட வேண்டும். கேமராவின் இரு காதுகளில் மாட்டினால், இரண்டு கிலோவும் லென்ஸ் சேரும் வளையத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். லென்ஸ் மூக்குக் குப்புறத் தொங்கி, ஒவ்வோர் அடிக்கும் தொடையில் இடிக்கும். காலில் மாட்டினால் எடை நடுவில் நிற்கும், இடுப்போரம் படுத்துக்கொள்ளும். கால் அங்குலத் திருகாணி உள்ள கொக்கியோ, முக்காலித் தட்டில் பொருத்தும் கொக்கியோ வாங்கலாம். திருகாணி நடக்க நடக்கத் தளரும். ஓய்வெடுக்கும்போதெல்லாம் விரலால் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். கொக்கி கழன்றாலும் விழாதபடி, கேமராவின் காதிலிருந்து ஸ்ட்ராப்புக்கு ஒரு சிறிய காப்புக் கயிறு கட்டுவது நல்லது.

மூன்றாவது, கழுத்தை விட்டுவிடுங்கள். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கே போடும் நீளமான ஸ்ட்ராப்தான் இந்த எடைக்குச் சரி. அகலம் நாலு, ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும். தோள்பட்டையில் அது மடியாமல் தட்டையாக உட்கார வேண்டும். ஓரம் வெட்டினால் மெத்தை எவ்வளவு தடித்தாலும் பயனில்லை. கல்யாண வீட்டில் இரண்டு கேமரா தொங்கவிடுபவர்களுக்கு இரு தோள் ஹார்னஸ் வசதி. தோட்டத்தில் ஒரே லென்ஸோடு நடப்பவருக்கு அது வெறும் வியர்வைக் கவசம்.

துணி விஷயத்தில் ஜொகூர் வெயிலையும் ஈரத்தையும் மறக்க வேண்டாம். நியோபிரீன் தொட்டால் மெத்தென்று இருக்கும். கனமான லென்ஸுக்கு அது ரப்பர் போல் நீண்டு நீண்டு துள்ளும், வியர்வையையும் பிடித்து வைக்கும். தோல் ஸ்ட்ராப் அழகுதான். மழைக்காலத்தில் அலமாரியில் விட்டால் பூஞ்சணம் பூக்கும். கார் சீட் பெல்ட் மாதிரி வழவழப்பான நைலான் பட்டை சட்டையின் மேல் சறுக்கி, கேமராவைச் சட்டென்று கண்ணுக்கு உயர்த்த விடும். தோளில் படும் பகுதி மட்டும் காற்றோட்டமான வலைத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைக்கு உங்கள் கேமராவையும் கனமான லென்ஸையும் கொண்டு போங்கள். வெறும் பட்டையைத் தோளில் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யுங்கள். அப்போது லென்ஸ் முன்னால் ஊஞ்சலாடினால், நிறுத்திப் பிடிக்கும் கிளிப் அந்த ஸ்ட்ராப்பில் இருக்கிறதா பாருங்கள். நீளத்தைச் சரிசெய்யும்போது கேமரா இடுப்பெலும்புக்குச் சற்றே கீழே நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் தொடை இடிக்கும், மேலே போனால் முழங்கை முட்டும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது பட்டை எங்கும் சிக்கக் கூடாது.

நடக்கும்போது ஒரு கை லென்ஸின் மேல் இருப்பது நல்ல பழக்கம். செம்பனை மட்டையில் முள் இருக்கிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ் அதில் உரசிவிட்டுத்தான் உங்களுக்குத் தெரியும். அவ்வப்போது தோளை மாற்றிப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஸ்ட்ராப்பில் தொங்கவிடாதீர்கள், பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வியர்வை ஊறிய பட்டையைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். உப்பு தங்கினால் துணி விறைக்கும், தோளை உரசும். அப்போதே தையலையும் கொக்கியையும் பார்த்துவிடலாம். காப்புக் கயிற்றில் மேல் நூல் தேய்ந்து உள்ளிருக்கும் வேறு நிறம் எட்டிப் பார்த்தால், அந்தக் கயிற்றை அன்றே மாற்றிவிடுங்கள்.