திண்ணையும் மணலும்

ஊர் நடுவே ஒரு வீட்டுத் திண்ணை. சில ஊர்களில் கோயில் மண்டபம். அதுவும் இல்லையெனில் மரநிழல். ஆசிரியர் ஒருவரே. அவர்முன் ஐந்து வயதுக் குழந்தை முதல் மீசை அரும்பும் இளைஞன் வரை ஒருங்கே அமர்ந்திருப்பர். வகுப்பு என்னும் பிரிவே இல்லாத அத்திண்ணைப் பள்ளியில் ஒருவர் எல்லார்க்கும் எவ்வாறு கற்பித்தார்?

மணலே முதல் ஏடு. பரப்பிய மணலில் எழுதிக்காட்டிய ‘அ’வின்மேல் குழந்தை விரலை ஓட்டும், வாய் அதன் ஒலியைச் சொல்லும். பிழைத்தால் கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம், காசு செலவில்லை. கை பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் வரும். ஓலையில் கீறிய எழுத்துப் புலப்படக் கரியும் மஞ்சளும் பூசுவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடமாகும். எண்சுவடி அவற்றினும் கடுமையானது. கால், அரைக்கால், மாகாணி என இறங்கி, ஒன்றை 320 கூறாக்கிய முந்திரி வரை ஒப்பிக்க வேண்டும். நெல் அளப்பவர்க்கும் நிலம் அளப்பவர்க்கும் அக்கணக்கு அன்றாடத் தேவை. நாம் கைப்பேசியைத் தேடும் இடத்தில் அவர்கள் உதட்டை அசைத்தார்கள்.

கண்டிப்பும் கடுமையே. சென்னை மாகாணத்துப் பெல்லாரியில் ஆட்சியராயிருந்த காம்பெல், தம் 1823ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். காலையில் முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவர்; இரண்டாமவனுக்கு ஒரு சுழி; மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு. கடைசியில் வந்தவன் பாடு என்னவாயிருக்கும்!

ஆசிரியரின் சுமையைப் பகிர்ந்தவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவனாகிய அவன் இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒப்பித்தலையும் கேட்பான். கற்பிக்கும்போது அவனுடைய கல்வியும் உறுதிப்பட்டது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை ஏற்று நடத்தத் தொடங்கிய ஆண்ட்ரு பெல், ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த முயன்றார், ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே, தொடக்க வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனிடமே ஒப்படைத்தார். அப்பட்டறிவை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறை இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர்பெற்றுப் பரவியது. வெளியூருக்குச் சென்றது நம் திண்ணையின் வழக்கம். வழங்கிய திண்ணையாசிரியர் எவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

இப்பெருமையோடு மற்றொரு கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த கல்விக்கூடங்கள் 12,498. பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆட்பட்ட மக்களின் பிள்ளைகளோ பல ஊர்களில் திண்ணையை நெருங்கவும் இயலவில்லை. உள்ளே ஒலித்த வாய்பாட்டைத் தெருவில் நின்று கேட்டு, தன் காலடி மண்ணில் விரலால் எழுதிப் பார்த்த குழந்தையும் இருந்திருக்கும். அதை எந்த ஆட்சியரும் எண்ணவில்லை.