பட்டறைத் துணியில் வரும் வில்லன்

'ஹவுஸ்' டிவி தொடரில் நோயாளியின் வீட்டுக்குள் புகுந்து டாக்டர்கள் விஷத்தைக் கண்டுபிடிக்கிறார்களே, நிஜத்தில் நடக்குமா? என் கணவர் பழைய பேட்டரி பிரிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு. அல்சர் மாத்திரைக்குக் கேட்கவில்லை.
- வாசகி, அம்பத்தூர்

விஷத்தைக் கண்டுபிடித்தது நிஜம். ஜெர்மனியின் மார்பர்க் நகரில், காரணம் புரியாமல் இதயம் பலவீனமான 55 வயதுக்காரரின் உடலில் கோபால்ட் விஷம் ஏறியிருந்தது. அது வந்த வழி, அவருடைய செயற்கை இடுப்பு மூட்டு! கண்டுபிடித்த டாக்டர் யூர்கன் ஷேஃபர், மாணவர்களுக்கு இந்தத் தொடரைக் காட்டியே பாடம் நடத்தியவர். 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

உங்கள் வீட்டில் யாரும் பூட்டை உடைக்க வேண்டாம். நான் சந்தேகப்படுவது பேட்டரியில் இருக்கும் ஈயத்தை. நீங்கள் சொல்லும் மூன்றும் அதன் வேலையாக இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. ஈஎஸ்ஐ டாக்டரிடம் முதலில் வேலையைச் சொல்லி, பிறகு வலியைச் சொல்லச் சொல்லுங்கள். 'ரத்தத்தில் ஈய அளவு' பார்க்கக் கேளுங்கள். "என்ன தொழில்?" என்று நோயாளியைக் கேட்கும்படி இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். நம் பழைய தொழிற்சாலைகள் சட்டமும் (1948) ஈய நஞ்சேற்றத்தை அறிவிக்க வேண்டிய தொழில்நோய் என்றது.

இன்றே செய்ய வேண்டியது: பட்டறை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு, குளித்துவிட்டு வரட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவாமல் டீ, பீடி கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை அவசியம். ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் பதம் பார்க்கும்.