ஈரக் குப்பைக்குக் காற்று கொடுங்கள்

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, நாள்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள். இத்தகைய மேடுகள் எளிதில் பற்றிக்கொள்ள ஒரு காரணம் மீத்தேன். நாம் கவரில் கட்டிப் போடும் காய்கறித் தோலும் மீந்த சோறும் மேட்டின் அடியில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது உண்டாகும் வாயு அது.

20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும் வாயு இது. வெயிலில் வேதிவினைக்கு உள்ளாகி, தரைமட்ட ஓசோன் கூடவும் காரணமாகிறது. அந்த ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். குழந்தைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். நுரையீரலும் வளரும் பருவம். ஆனால் மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். இன்று குறைத்தால், இப்போது எல்கேஜி படிக்கும் பிள்ளை பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் பலன் தெரியத் தொடங்கும். நம் சமையலறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரக் குப்பை காற்றோட்டமாக மட்க வழி செய்வது.

முதல் வேலை, மிச்சத்தைக் குறைப்பது. சோறு வடிக்கும்போதே ஆள் கணக்குப் பார்த்து அரிசி போடுங்கள். அடுத்தது பிரிப்பது. மட்கும் குப்பைக்குத் தனி வாளி, அடியில் ஒரு செய்தித்தாள்; பிளாஸ்டிக் கவர் வேண்டாம். டயப்பர், நாப்கின் ஆகியவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் கிளறும் நிலை வரக்கூடாது.

பிறகு, மூடியுள்ள 50 லிட்டர் டிரம் இரண்டு தேவை. பக்கவாட்டிலும் அடியிலும் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, நான்கு செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். மழையும் நேரடி வெயிலும் படாத பால்கனி மூலை போதும்.

டிரம்மின் அடியில் இரண்டு அங்குலம் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார். அதன்மேல் அன்றாடக் கழிவைச் சிறு துண்டாக நறுக்கிப் போட்டு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையால் மூடுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இலையில்தான். தெருவில் கூட்டிக் குவித்த சருகை ஒரு சாக்கில் சேர்த்துவைத்தால் அந்தக் கவலை இல்லை. அதை யாரும் கொளுத்துவதும் தவிரும். நுண்ணுயிர் பெருகப் பழைய மட்கு உரம் ஒரு கை, இல்லையென்றால் புளித்த மோர் ஒரு தம்ளர். மீன், இறைச்சி, எண்ணெய்க் குழம்பு ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்குபவர்கள் சேர்க்க வேண்டாம்.

வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் லேசாக ஈரம் கசிந்தால் சரி. நீர் சொட்டினால் இலை கூட்டுங்கள்; உதிர்ந்து போனால் தண்ணீர் தெளியுங்கள். நடுவில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், வெள்ளைப் பூஞ்சை இழைகளும் ஓடும். இரண்டும் நல்ல அறிகுறி. புழு வந்தால் பயம் வேண்டாம், அவையும் மட்கச் செய்பவைதான். சருகைக் கூட்டினால் குறையும். கெட்ட நாற்றத்தை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். மீத்தேனுக்கு மணம் கிடையாது. ஆனால் அழுகல் நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகவில்லை என்று பொருள். மீத்தேன் உண்டாவதும் அந்த நிலையில்தான். உடனே கிளறி, இலை சேருங்கள்.

முதல் டிரம் நிறைந்ததும் இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் முதலாவது கறுத்து, மண்வாசனையோடு உதிரும். சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டிகளுக்கு இடலாம்.

வீட்டோடு இது முடிவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் இலையோடு கொட்டப்படும் சோறு, ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்க்கும் அளவு. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைப் பெருமளவு உருவாக்குவோர் என்றே 2016 திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தி, மட்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே கையாளச் சொல்லின. உங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். இடமிருந்தால் சாண எரிவாயுக் கலன்போல ஒன்றை அமைக்கலாம்; மீத்தேனைப் பிடித்து அடுப்பில் எரித்துவிடுவதால் அது காற்றில் கலக்காது.

எங்காவது குப்பை எரிவதைக் கண்டால், சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யுங்கள். புகை அடங்கும்வரை பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.