பாட்டிலில் தவளை, கணினியில் முகவரி

நம்ம ஊர்ல தோலைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. பச்சைத்தோல் வந்து இறங்கியதும் உப்பு போடுவாங்க. இல்லேன்னா நாறிடும். அருங்காட்சியகத்தில் தவளை, பல்லி, பாம்புக்குச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். முதலில் ஃபார்மலின் கரைசலில் வைத்து உடலைக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு பாட்டிலை இறுக மூடுவார்கள். நிறம் போய்விடும், உடம்பு நூறு வருஷம் ஆனாலும் நிற்கும்.

ஆனால் பாட்டிலில் தவளையைவிட முக்கியம், அதன் காலில் கட்டியிருக்கும் சின்னச் சீட்டு. எண், பெயர், பிடித்த ஊர், பிடித்த தேதி, பிடித்தவர் யார் என்று அதில் இருக்கும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலிலோ இந்தியன் மையிலோ எழுதுவார்கள். சீட்டு தொலைந்தால் அது வெறும் செத்த தவளை. ஒரு காலத்தில் சாரைப்பாம்புத் தோல் மூட்டை மூட்டையாக ஏற்றுமதி ஆனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த தடைகளும்தான் அதை நிறுத்தின. அத்தனை தோலில் எந்தப் பாம்பு எந்த வயலில் பிடிபட்டது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டிலில் இருக்கும் ஒரே ஒரு சாரை அதைச் சொல்லும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அங்குள்ள ஊர்வன, இருவாழ்விகளை எஸ்.ஆர். கணேஷ், எஸ். அசோகன் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் தயாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட பட்டியலையும் பழைய பதிவேட்டையும் கணினியில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி செய்வதுதான் மின்னாக்கம். இதற்காகவே 2001-ல் ஜிபிஐஎஃப் என்ற உலக அமைப்பு தொடங்கப்பட்டது. மதராஸ் வனத்துறையில் இருந்த கர்னல் பெடோம் (1830 - 1911) நம்ம தென்னாட்டு மலைகளில் சேகரித்த பாம்பும் பல்லியும் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைப் பார்க்க நாம் கப்பல் ஏற முடியுமா? அந்த அருங்காட்சியகம் தன் பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கிறது.

"டைப் அடிக்கிற வேலைதானே, இதில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கஷ்டமே ஊர்ப் பெயரில்தான். ஒரு பழைய சீட்டில் 'வடாற்காடு' என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த வடாற்காடு? 1911-க்கு முன்னால் என்றால் சித்தூர், திருப்பதி எல்லாம் அதில் அடக்கம். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சம் பின்னால் வேலூர் மாவட்டம் ஆனது. அதுவும் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, 1900களின் தொடக்கத்தில் திருப்பத்தூர் தாலுகா, வாணியம்பாடி உட்பட, சேலம் ஜில்லாவில் இருந்தது. ஆக 'சேலம்' என்று எழுதிய பழைய சீட்டு வாணியம்பாடிப் பக்கத்துத் தவளையாகவும் இருக்கலாம்!

இங்கேதான் பதிகிறவர் தப்பு செய்கிறார். 'வடாற்காடு' என்பதை அழித்துவிட்டு 'வேலூர்' என்று "திருத்தி" வைப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் திருப்பதி மலைப் பல்லி ஒன்று வேலூர்ப் பல்லி ஆகிவிடும், அடுத்து வருகிறவர் அதை நம்பி கட்டுரை எழுதுவார். எனவே சரியான முறை என்னவென்றால், சீட்டில் உள்ளதை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் ஏற்ற வேண்டும். நம் ஊகத்தைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் பக்கத்திலேயே எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்றும் போட வேண்டும். 'ஆம்பூர் ரயில் நிலையம்' என்றால் சில நூறு மீட்டர். வெறும் 'வடாற்காடு' என்றால் நூறு கிலோமீட்டருக்கும் குறையாது.

எண்ணை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆம்பூர் ஏறக்குறைய 12.8 வடக்கு, 78.7 கிழக்கு. இதையே 78.7 வடக்கு, 12.8 கிழக்கு என்று இடம் மாற்றி அடித்தால் நம்ம தவளை ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவின் பனியில் போய் உட்காரும். 2008-ல் இந்தியா அமைத்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் பக்கத்தில்தான். அங்கே தவளையே கிடையாது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும் தப்பு இது. வடாற்காட்டை வேலூர் ஆக்கிய தப்பு மாட்டவே மாட்டாது.

அடுத்த தொல்லை, பெயர். நாம் மழைக்காலத்தில் பார்க்கும் சாதாரணத் தேரைக்குப் புத்தகத்தில் புஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று இருந்தது. 2006-ல் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் ஆகிவிட்டது. பழைய பெயரில் தேடுபவருக்கும் புதுப் பெயரில் தேடுபவருக்கும் ஒரே தேரை கிடைக்க வேண்டுமானால் இரண்டு பெயரும் பதிவில் இருக்கணும்.

இவ்வளவு பாடு எதற்கு? பாட்டில் நிரந்தரம் இல்லை. பிரேசிலில் சாவோ பாலோ நகரின் புட்டான்டன் நிறுவனத்தில் 2010-ல் தீப்பிடித்து பல்லாயிரம் பாம்பு மாதிரிகள் எரிந்தன. டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று எரிந்தது. பதிவு வேறு இடத்திலும் இருந்தால், எந்த உயிர் எங்கே இருந்தது என்ற செய்தியாவது பிழைக்கும்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தண்ணீரில் கலந்தது எல்லாம் அதன் உடம்புக்குள் போகும். பாலாற்றுத் தண்ணீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. டேனரிக் கழிவு வருவதற்கு முன் ஆற்றங்கரையில் எந்தெந்தத் தவளை கத்தியது? தாத்தாவைக் கேட்டால் "நிறைய இருந்துச்சுப்பா" என்பார். எந்த இனம், எந்த ஊர், எந்த வருஷம் என்று பழைய சீட்டுதான் சொல்ல முடியும்.

வேலூருக்கென்றே ஒரு பல்லி இருக்கிறது, தெரியுமா? பகலில் நடமாடும் சின்னப் பாறைப்பல்லி. 2000-ஆம் ஆண்டு இந்திரநீல் தாஸ், ஆரன் பவுவர் இருவரும் அதைப் புது இனம் என்று கண்டு, ஜப்பானிய அறிஞர் ஓட்டா பெயரால் நேமாஸ்பிஸ் ஓட்டாய் என்று பெயரிட்டார்கள். முதல் மாதிரி கிடைத்த இடமாக அறிவியல் ஏட்டில் இருப்பது நம்ம வேலூர். அந்தச் சீட்டில் 'தென்னிந்தியா' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வரியை நான் எழுதியிருக்க முடியாது.

செய்து பாருங்கள்: இன்று மாலை ஒரு தவளையோ பல்லியோ கண்ணில் பட்டால் பிடிக்க வேண்டாம். நோட்டில் தேதி, நேரம், தெரு, பக்கத்தில் உள்ள ஏரி அல்லது கோயில், உங்கள் பெயர் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டை நம் ஊருக்கே வராத ஒருவரிடம் கொடுத்து, வரைபடத்தில் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.